எரிமலை வெடித்தால் எந்தத் தளத்தைத் திறப்பது? இலவசக் கண்காணிப்புச் சேவைகள் பற்றி ஒரு மதிப்புரை

எங்கோ ஓர் எரிமலை வெடித்து, சாம்பல் தூண் எழும்பும் படம் பரவியதுமே அந்தக் கேள்வியும் கிளம்பிவிடும்: இந்த வருஷம் குளிருமா, மழை பொய்க்குமா? பதில் தேடினால் ஏராளமான இலவச இணையச் சேவைகள் வந்து நிற்கும். எல்லாமே பெயர் பெற்ற நிறுவனங்கள் நடத்துபவைதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒன்று விமானிகளுக்காகக் கட்டியது, இன்னொன்று வரலாற்றைப் பதிவு செய்ய, மற்றொன்று காற்று மாசைக் கணிக்க. காலநிலைக் கேள்வியோடு இவற்றில் எதைத் திறந்தாலும் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடும். அது நம் கேள்விக்கான பதில்தானா என்பதுதான் விஷயம்.

அதனால் இந்த மதிப்புரையில் ஒரே அளவுகோல். எத்தனை டன் கந்தகம், எந்த உயரத்துக்குப் போனது? இதை ஒரு சேவை சொல்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

ஏன் கந்தகம்? சாம்பல் கனமானது. சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கீழே இறங்கிவிடும். கந்தக டைஆக்சைடு வாயு, மழையும் மேகமும் உருவாகும் அடுக்குக்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்துக்குள் போய்விட்டால், ஒரு மாத அளவில் கந்தக அமிலத் துளிகளாக மாறுகிறது. அரை மைக்ரான் அளவுள்ள அந்தத் துளிகள் வெயிலைத் திருப்பி அனுப்பும். மேலே மழை கிடையாது, கழுவி இறக்க ஆளில்லை. ஓரிரு வருஷம் அங்கேயே மிதக்கும். அதே வாயு கீழே, அடிவளி மண்டலத்தில் தங்கிவிட்டால் சில நாட்களில் மழையோடு கரைந்துபோகும். இரண்டுக்கும் இடையிலான எல்லையான ட்ரோபோபாஸ் நிலநடுக்கோட்டருகே 16, 17 கி.மீ. உயரத்திலும், துருவத்தருகே 8 முதல் 10 கி.மீ. உயரத்திலும் இருக்கிறது. ஆக, 12 கி.மீ. எழும்பிய தூண் இந்தோனேசியாவில் என்றால் கீழேயே நின்றுவிட்டது. அலாஸ்காவில் என்றால் எல்லையைத் தாண்டிவிட்டது.

முதலில் எல்லோரும் போவது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைத் திட்டத் தளத்துக்கு. எரிமலை எங்கே இருக்கிறது, முன்பு எப்போது வெடித்தது, எந்த வகை, இந்த வாரம் என்ன செய்கிறது என்பதற்கெல்லாம் இதைவிட நல்ல இடம் கிடையாது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து வெளியிடும் வாராந்தர அறிக்கையை மட்டும் படித்தாலே வதந்தியில் பாதி அடங்கிவிடும். உலகில் எந்த நேரத்திலும் 40, 50 எரிமலைகள் ஏதோ ஒரு வகையில் வெடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ‘திடீரென்று எரிமலைகள் பெருகிவிட்டன’ என்று யாராவது சொன்னால் காட்ட வேண்டிய பக்கம் இது.

இந்தத் தளத்தில் சறுக்கும் இடம், வெடிப்புக் குறியீட்டெண். 0 முதல் 8 வரை போகும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் குளிரைக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம். அந்த எண் அளப்பது வெளியே வந்த பாறைத்தூளின் கன அளவை. 1 கன கி.மீ. தாண்டினால் 5, 10 தாண்டினால் 6, 100 தாண்டினால் 7. கந்தகத்துக்கு அதில் இடமே இல்லை. 1980இல் வெடித்த அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ், 1982இல் வெடித்த மெக்சிகோவின் எல் சிச்சோன், 2022இல் வெடித்த டோங்காவின் ஹுங்கா மூன்றுக்கும் பொதுவாகத் தரப்படும் எண் 5தான். கந்தக டைஆக்சைடு? செயின்ட் ஹெலன்ஸ் சுமார் 10 லட்சம் டன், எல் சிச்சோன் சுமார் 70 லட்சம் டன், ஹுங்கா 4, 5 லட்சம் டன்தான். ஒரே எண்ணுக்குள் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே நிறுவனத்தின் ‘வெடிப்புகள், நிலநடுக்கங்கள், உமிழ்வுகள்’ என்ற அசைபட வரைபடத்தில் 1978க்குப் பிந்தைய கந்தக உமிழ்வும் தனி வட்டங்களாக வருகிறது. குறியீட்டெண்ணை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

அடுத்து, எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள். ஆங்கரேஜ், பியூனஸ் அயர்ஸ், டார்வின், லண்டன், மாண்ட்ரியல், டோக்கியோ, டூலூஸ், வாஷிங்டன், வெலிங்டன் என்று ஒன்பது மையங்கள் உலகைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. சாம்பல் இப்போது எங்கே, 6, 12, 18 மணி நேரத்தில் எங்கே போகும் என்பதைச் சுருக்கெழுத்து அறிக்கையாகத் தருகிறார்கள். வேகத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. முதல் நாளில் உயரம் தெரிய வேண்டுமென்றால் இதுதான் வழி. அறிக்கையில் ‘எஃப்எல்’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண் நூறு அடிக் கணக்கு. அதை 0.0305ஆல் பெருக்கினால் கி.மீ. வந்துவிடும். 550 என்றால் 16.8 கி.மீ.; நிலநடுக்கோட்டருகே இது எல்லைக்கோட்டிலேயே நிற்கும் உயரம்.

ஆனால் அந்த உயரத்தை அப்படியே நம்பக் கூடாது. வழக்கமான முறையில், மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அகச்சிவப்புப் படத்தில் அளந்து, அந்த வெப்பநிலை எந்த உயரத்தில் இருக்கும் என்று பார்ப்பார்கள். அடிவளி மண்டலத்தில் மேலே போகப் போகக் குளிரும் என்பதால் கணக்கு ஒழுங்காக வரும். அடுக்கு மண்டலத்தில் மேலே போகப் போகச் சூடு ஏறும். அப்போது ஒரே வெப்பநிலைக்கு இரண்டு உயரங்கள் பொருந்தும். பெரிய வெடிப்புகளில்தான், அதாவது நமக்கு உயரம் மிகத் தேவைப்படும் நேரத்தில்தான், இந்தக் குழப்பம் வருகிறது. ஹுங்காவின் தூண் 57 கி.மீ. எட்டியது என்று உறுதியானது, வேறு வேறு கோணத்திலிருந்து பார்த்த புவிநிலைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட பிறகுதான்.

இன்னொன்று: சாம்பல் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் இந்த அறிக்கைகள் நின்றுவிடும். விமானிக்கு அது போதும். காலநிலைக் கதை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட்ல் 2010 ஏப்ரலில் ஐரோப்பிய வான்வெளியை நாள்கணக்கில் முடக்கியது. உலக வெப்பநிலையில் அது விட்டுப்போன தடம் எதுவும் இல்லை. சாம்பல் வரைபடத்தின் சிவப்பைப் பார்த்துக் குளிரை எதிர்பார்ப்பது, புகையைப் பார்த்துச் சமையலின் ருசியைச் சொல்வது மாதிரி.

இனி, இந்த மதிப்புரையில் அதிக மதிப்பெண் வாங்குபவை: கந்தக டைஆக்சைடு வரைபடங்கள். நாசாவின் கோடார்டு மையம் தினமும் வெளியிடும் படங்கள், பெல்ஜியத்தின் விண்வெளி வளியியல் நிறுவனம் நடத்தும் விமானக் கட்டுப்பாட்டு ஆதரவுச் சேவை, ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் உலாவி என மூன்று வாசல்கள். பின்னால் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றேதான்: சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி, சுவோமி என்பிபி வரிசையின் ஓம்ப்ஸ், ஆராவின் ஓமி.

பயன்படுத்த எளிது கோடார்டு பக்கம். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் அந்தக் கட்டத்துக்குள் எத்தனை கிலோடன் வாயு, எத்தனை சதுர கி.மீ. பரப்பு, அதிகபட்ச டாப்சன் அலகு (ஓரிடத்துக்கு மேலே நிற்கும் மொத்த வாயுவின் அளவு) எவ்வளவு என்று எழுதியே இருக்கும். 1,000 கிலோடன் என்றால் 10 லட்சம் டன். ஒரே எச்சரிக்கை: அந்தக் கூட்டுத்தொகை அந்தக் கட்டத்துக்கு மட்டுமே. மேகம் பக்கத்துக் கட்டத்துக்குள் நீண்டிருந்தால் அந்தப் பாதி கணக்கில் வராது. உயர் அட்சரேகைகளில் அடுத்தடுத்த சுற்றுப்பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், நகரும் மேகம் இரண்டு முறை எண்ணப்படவும் கூடும்.

தலைப்பு எண் இல்லாத படத்திலும் கையால் கணக்குப் போடலாம். 1 டாப்சன் அலகு என்பது சதுர கி.மீ.க்கு 28.6 கிலோ கந்தக டைஆக்சைடு. மேகம் 500 கி.மீ. நீளம், 400 கி.மீ. அகலம், சராசரி 20 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2 லட்சம் சதுர கி.மீ. அதை 20ஆலும் 28.6ஆலும் பெருக்கினால் 11.44 கோடி கிலோ, அதாவது 1.14 லட்சம் டன். படத்தில் மிரட்டலாகச் சிவந்திருக்கும் இந்த மேகத்தை 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ அனுப்பிய 1.5 முதல் 2 கோடி டன்னோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சராசரி எடுக்கும்போது மேகத்தின் ஓரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். நடுவிலுள்ள அதிகபட்ச எண்ணைப் பரப்பால் பெருக்குவதுதான் இணையத்தில் சுற்றும் பூதாகரமான எண்களின் பிறப்பிடம்.

கோப்பர்நிகஸ் உலாவியில் அழகு அதிகம், அலகில் ஒரு பொறி உண்டு. அங்கே எண்கள் டாப்சனில் வராது; சதுர மீட்டருக்கு மோல் என்று வரும். 2,241ஆல் பெருக்கினால்தான் டாப்சன். 0.01 என்று பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று மூடிவிடாதீர்கள், அது 22 டாப்சன். தரவை இறக்கிச் சராசரி எடுப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு: எதிர்மறை எண்கள் நிறைய வரும். அவை அளவீட்டு இரைச்சல். ‘வாயு எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும்’ என்று அவற்றை மட்டும் அழித்துவிட்டால், நேர்மறை இரைச்சல் மட்டும் மிஞ்சி, சுத்தமான காற்றிலும் கந்தகம் தெரியும்.

மூன்றுக்கும் பொதுவான, மிகப் பெரிய பிழை வாய்ப்பு உயரத்தில் இருக்கிறது. புற ஊதாக் கதிரை வைத்து அளக்கும் இந்தக் கருவிகள் வாயு எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் ஊகித்துக்கொண்டுதான் அளவைச் சொல்கின்றன. ட்ரோபோமியில் 1, 7, 15 கி.மீ. என்று மூன்று ஊகங்களுக்குத் தனித்தனிப் பதிப்புகள் உண்டு. ஓம்ப்ஸ், ஓமி தயாரிப்புகளிலும் இப்படியே தாழ்வு, நடு, அடுக்கு மண்டலம் என்று பிரித்திருப்பார்கள். தரைக்கு அருகிலுள்ள வாயு கருவிக்கு மங்கலாகத் தெரியும். எனவே 1 கி.மீ. பதிப்பு அந்த மங்கலை ஈடுகட்ட எண்ணை ஏற்றிவிடும். உண்மையில் 18 கி.மீ. உயரத்தில் இருக்கும் மேகத்தை அந்தப் பதிப்பில் பார்த்தால் அளவு பல மடங்கு ஊதிப்போகும். மாறாக, கீழே புகைந்துகொண்டிருக்கும் எரிமலையை 15 கி.மீ. பதிப்பில் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. முதலில் சாம்பல் மைய அறிக்கையில் உயரம், பிறகு அதற்கேற்ற பதிப்பு. இந்த வரிசை மாறக் கூடாது.

முதல் நாள் எண்ணை எழுதி வைக்கலாம், நம்ப வேண்டாம். அடர்த்தியான சாம்பலும் பனிப்படிகமும் வாயுவை மறைக்கும். அளவு மிக அதிகமானால் கருவியும் திணறி, குறைத்துக் காட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் மேகம் பரவி மெலிந்த பிறகு எண் ஏறுவது சகஜம். ட்ரோபோமி உள்ளூர் நேரம் பகல் 1:30 வாக்கில் கடப்பதால் இரவு வெடிப்புக்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். துருவக் குளிர்காலத்தில் வெயிலே இல்லாததால் படமே கிடையாது. அந்த இடத்தில் பெல்ஜியச் சேவை முந்துகிறது. மெட்ஆப் செயற்கைக்கோள்களில் உள்ள ஐயாசி என்ற அகச்சிவப்புக் கருவியையும் சேர்த்துக் காட்டுவதால் இரவும் தெரியும். மின்னஞ்சல் எச்சரிக்கையும் உண்டு. தென் அமெரிக்காவின் மேலே புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும் ‘கந்தகத்தை’ மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். அங்கே பூமியின் காந்தப்புலம் பலவீனம். துகள்கள் கருவியில் மோதி எழுப்பும் இரைச்சல் அது.

மேகம் ட்ரோபோபாஸ் எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு நம்பகமான சோதனை, பொறுமை. மொத்த டன் எண்ணைத் தினமும் குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில் கரைந்துபோனால் அது அடிவளி மண்டலத்தில் இருந்தது. மூன்று வாரம் கழித்தும் பாதி மிஞ்சியிருந்தால் மேலே போய்விட்டது என்று பொருள். பினாடுபோவின் மேகம் சுமார் மூன்று வாரத்தில் பூமியைச் சுற்றி வந்தது. ஹுங்கா இதற்கு விலக்கு. நீராவி அளவுக்கு மீறி இருந்ததால் வாயு வேகமாகவே அமிலத் துளியாக மாறிவிட்டது.

கோப்பர்நிகஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையின் ஐந்து நாள் முன்கணிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுக்குத் தொந்தரவு தரும் புகைமூட்டம் எங்கே போகிறது என்பதற்கு நல்லது, காலநிலைக்கு அல்ல. ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரௌன் 2014 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஆறு மாதம் ஒழுகி, சுமார் 1 கோடி டன் கந்தக டைஆக்சைடு விட்டது. எல் சிச்சோனைவிட அதிகம். எல்லாம் கீழேயே இருந்ததால் உலக வெப்பநிலை அசையவில்லை. இந்த ரகத்தில் அசாதாரணமானது 1783இன் லாகி: எட்டு மாதத்தில் சுமார் 12 கோடி டன், ஐரோப்பா முழுக்க அமில மூட்டம், நைல் நதியில் வெள்ளம் குறைவு.

மாதங்கள் கடந்ததும் வாயு வரைபடம் காலியாகிவிடும். ‘தீர்ந்துவிட்டது’ என்று எழுதுபவர்கள் அப்போதுதான் தவறுகிறார்கள். வாயு தீர்ந்தது, துளிகள் வந்துவிட்டன. அந்தக் கட்டத்துக்கு, பூமியின் ஓரத்து வளிமண்டலத்தைப் பக்கவாட்டில் பார்க்கும் விளிம்பு நோக்கும் கருவிகள் வேண்டும்: ஓம்ப்ஸின் விளிம்புப் பதிப்பு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2017 முதல் இயங்கும் சேஜ்-3. இரண்டிலும் மூலத் தரவு கையாளக் கடினம். வடிகட்டிச் சேர்த்த தொகுப்பு வேண்டுமென்றால் நாசா லாங்லி மையத்தின் க்ளோசாக், 1979 முதல். அதில் தேட வேண்டியது, துளிகள் வெளிச்சத்தை எவ்வளவு மறிக்கின்றன என்று சொல்லும் ஒளித்தடுப்பளவு என்ற எண்ணை. பினாடுபோவின் உச்சம் உலகச் சராசரியில் சுமார் 0.15. அதை 20 முதல் 25ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெயில் குறைந்தது என்பது தோராயமாக வந்துவிடும்: 3 முதல் 3.75. குறை, தொகுப்பு தாமதமாகவே புதுப்பிக்கப்படுகிறது. புது வெடிப்புக்கு உதவாது.

எளிமையில் எல்லாவற்றையும் வெல்வது ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தின் ஒளி ஊடுருவல் வரைபடம், அதாவது வெயில் எவ்வளவு தடையின்றிக் கீழே வருகிறது என்பது. 1958 முதல் ஒரே கோடு. ஆகுங் 1963, எல் சிச்சோன் 1982, பினாடுபோ 1991 என்று மூன்று பள்ளங்கள். பள்ளம் செங்குத்தாக இறங்கும், மெல்ல ஏறும். துளிகளின் ஆயுள் கண்ணுக்கே தெரியும். எரிமலைகளின் தடத்தை வானில் பதிவு செய்யும் அந்த ஆய்வகம் ஓர் எரிமலையின் சரிவிலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் மௌனா லோவா விழித்தபோது லாவா அதன் சாலையையும் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டது.

நீராவிக்குத் தனிச் சேவை: ஆரா செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் விளிம்புக் கருவி. கடலடி வெடிப்பான ஹுங்கா சுமார் 14.6 கோடி டன் நீராவியை மேலே ஏற்றியது. அடுக்கு மண்டலத்தில் ஏற்கெனவே இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. எண்கள் அதுவரை காணாத அளவில் இருந்ததால் கருவியின் வழக்கமான தர வடிகட்டி அவற்றைப் பிழை என்று ஒதுக்கியது. வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வெப்பமூட்டும் நீராவியும் குளிர்விக்கும் துளியும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டின. 2023, 2024 சாதனை வெப்பத்துக்கு ஹுங்காவைக் காரணமாகக் காட்ட முடியாது என்பதே பின்னர் வந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு.

கடைசியில் வெப்பநிலை. நாசா கோடார்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உலக வெப்பநிலை அட்டவணையைத் திறந்தால், 1951–1980 சராசரியைவிட 1991இல் சுமார் 0.4°, 1992இல் சுமார் 0.2° அதிகம். ‘பினாடுபோ அரை டிகிரி குளிர்வித்தது என்றார்களே, 0.2 டிகிரிதானே’ என்று சண்டைக்கு வருபவர்கள் இங்கேதான் கிளம்புகிறார்கள். 1991–92இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, பூமியைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. 1991இன் பின்பாதியில் குளிர்ச்சியும் தொடங்கிவிட்டது. அவற்றைக் கழித்தால்தான் அரை டிகிரி தெரியும். காலநிலை அறிஞர் ஜேம்ஸ் ஹான்சன் குழு அந்த அரை டிகிரியை 1992 ஜனவரியிலேயே கணித்து வெளியிட்டிருந்தது. 1982–83இல் இன்னும் மோசம்: வலுவான எல் நினோ எல் சிச்சோனின் குளிர்ச்சியை ஏறத்தாழ முழுதாக மூடிவிட்டது. எனவே இந்த அட்டவணையை எல் நினோ குறியீட்டைப் பக்கத்தில் வைக்காமல் படிக்கக் கூடாது. மேலே அனுப்பிய கந்தகம் 50 லட்சம் டன்னுக்குக் கீழே என்றால், உலக ஆண்டுச் சராசரியில் அதைத் தேடுவதே வீண். செயற்கைக்கோள் வழி கீழ் அடுக்கு மண்டல வெப்பநிலை வரைபடம் இதைவிடத் தெளிவு. துளிகள் வெப்பத்தை உறிஞ்சுவதால் 1982இலும் 1991இலும் அங்கே மேல்நோக்கிய இரண்டு முகடுகள். தரை குளிர, மேலே சூடு.

மழைக்கு இவ்வளவு சுலபமான பக்கம் எதுவும் இல்லை. 1991 அக்டோபர் முதல் 1992 செப்டம்பர் வரை நிலப்பரப்பில் மழையும் ஆற்று நீரும் வெகுவாகக் குறைந்தது பதிவில் இருக்கிறது, அதிலும் எல் நினோவுக்குப் பங்குண்டு. உங்கள் ஊரின் ஒரு பருவத்தை வைத்து எரிமலையைக் குற்றம் சாட்ட எந்தச் சேவையும் துணை வராது.

பழைய வெடிப்புகளுக்கு ஈவால்வ்2கே என்ற பனிக்கட்டி அட்டவணை. கி.மு. 500 முதல் கி.பி. 1900 வரை, கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் படிந்த கந்தகத்தை வைத்துக் கணித்தது. இரண்டு துருவத்திலும் ஒரே சமயத்தில் முகடு இருந்தால் நிலநடுக்கோட்டுப் பகுதி வெடிப்பு என்று வைத்துக்கொள்வார்கள். வடக்கிலும் தெற்கிலும் இரண்டு எரிமலைகள் அடுத்தடுத்து வெடித்திருந்தாலும் அதே தோற்றம் வரும், அதைக் கவனத்தில் வையுங்கள். 1257ஐ ஒட்டிய மாபெரும் முகடு பல பத்தாண்டுகள் முகவரி இல்லாமல் கிடந்தது; லொம்போக் தீவின் சமலாஸ்தான் என்று 2013இல்தான் தெரிந்தது. கந்தகம் பெயர் சொல்லாது. பனிக்குள் சிக்கிய சாம்பல் துகளின் வேதிக்கூறு பொருந்தினால்தான் பெயர் உறுதியாகும். அட்டவணையில் பெரும்பாலான வரிகளில் எரிமலைப் பெயருக்கான இடத்தில் ‘அடையாளம் தெரியாதது’ என்றே இருக்கிறது.